அஞ்ஞானி மேரி

திண்டிவனத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை உடைக்கிற மில்லுக்குப் புதிதாக வந்த மேஸ்திரி, பருப்பு பொறுக்க உட்கார்ந்திருந்த பெண்களிடம் ஒவ்வொருத்தியாகப் பெயர் கேட்டுக்கொண்டு வந்தான். பனையேரிப்பட்டுச் சேரியிலிருந்து வருகிற லூர்துமேரி முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "அஞ்ஞானி மேரின்னு எழுதிக்கங்க" என்றாள். பக்கத்திலிருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மேஸ்திரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. சொன்னபடியே எழுதிக்கொண்டு போனான்.

அஞ்ஞானி என்பது வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், வாயில் வருகிற சொல். தங்கள் வேதத்தில் சேராமல் காளி, மாரி என்று கும்பிடுகிறவர்களை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். பிறந்த வாரத்திலேயே ஞானஸ்நானம் பெற்று, பேச்சு வந்ததும் செபமாலை சொல்லப் பழகி, வில்லியனூர் லூர்து மாதாவின் பெயரையே தன் பெயராகக் கொண்ட ஒருத்திக்கு அந்தச் சொல் ஒட்டிக்கொண்டது. ஒட்டவைத்தவர்கள் அவள் தலை குனியட்டும் என்றுதான் ஒட்டவைத்தார்கள். அவளோ அதைப் பூவாகச் செருகிக்கொண்டு நடந்தாள்.

அவளுடைய தாத்தா தாது வருஷப் பஞ்சத்தில் வேதத்தில் சேர்ந்தவர். கஞ்சிக்காகச் சேர்ந்த கூட்டம் என்று ஊர்த்தெருக்காரர்கள் இளக்காரம் பேசினால் மேரி மறுத்துப் பேசமாட்டாள். "எங்க தாத்தா கஞ்சிக்குத்தான் போனாரு. நான் மாதாவுக்குப் போறேன்" என்பாள். அது வாய்ப்பேச்சு இல்லை. பனையேரிப்பட்டு மாதா கோவிலுக்குள் ஊர்த்தெரு வேதக்காரர்களுக்கு ஒரு பக்கம், சேரி வேதக்காரர்களுக்கு ஒரு பக்கம், நடுவே இடுப்புயர மரக்கிராதி. அந்தக் கிராதிக்கு இந்தப் புறமிருந்து பார்த்தாலும் மாதா சுரூபம் தன்னைத்தான் பார்க்கிறது என்று சின்ன வயதிலேயே அவளுக்கு ஒரு நிச்சயம்.

இன்னொரு நிச்சயம் அம்மாவிடமிருந்து வந்தது. அம்மா பிறந்தது திருவக்கரைக் காளி கோவிலுக்கு எதிரே, ஆற்றின் மறுகரையில். ஆடி மாதம் கேப்பைக் கூழ் காய்ச்சினால் முதல் கரண்டியை வேப்பமரத்து வேரில் ஊற்றிவிட்டு, வக்கரை இருக்கும் திசையைப் பார்த்து ஒரு நிமிஷம் நிற்பாள். எதுவும் சொல்லமாட்டாள். பிறகு உள்ளே வந்து பிதா சுதன் சொல்லிச் சிலுவை போட்டுவிட்டுப் பிள்ளைகளுக்கு ஊற்றுவாள். அம்மா செத்த பிறகும் மேரி அப்படியே செய்துவந்தாள். அதை யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

அவளுடைய அண்ணன் சவுரிராயன் அந்தக் கோவிலின் உபதேசியார். சேரிப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் அவன்தான் நடத்தினான். வெள்ளைச் சட்டை போட்டு, பங்குச் சாமியாரோடு நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிற முதல் சேரி மனிதன் என்பதில் அவனுக்கு உள்ளூரப் பெருமை. புருஷன் விருத்தாசலம் சேரியின் அஞ்ஞானிப் பாதியில் பிறந்தவன். மேரியைக் கட்டுவதற்காக ஞானஸ்நானம் வாங்கி அந்தோணி ஆனான். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கமாட்டான். ஏர் ஓட்டுகிற ஆள், சண்டை சச்சரவு ஆகாது.

முப்பத்து நாலாம் வருஷம் மாசி மாதம் சேரியில் அம்மை இறங்கியது. மேரியின் ஒரே மகள் ஜெயத்துக்கு அப்போது ஐந்து வயது. காய்ச்சல் கண்ட பிறகு முகம், உள்ளங்கை, இமை என்று இடம் விடாமல் முத்து போட்டது. அண்ணன் வந்து வாசலிலேயே நின்றான். இது வியாதி, அம்மனும் இல்லை ஆத்தாளும் இல்லை, வேப்பிலை கட்டக்கூடாது, மஞ்சள் தண்ணீர் தெளிக்கக்கூடாது, சாமியார் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார் என்றான். மேரி தலையாட்டினாள். அவன் போனதும் வேப்பங்கொத்து ஒடித்துவந்து வாசலில் செருகினாள்.

பிள்ளைக்குக் கண் திறக்கவில்லை. தண்ணீர்கூட இறங்கவில்லை. மேரி ஒரு கையில் செபமாலையை உருட்டிக்கொண்டு, இன்னொரு கையில் வேப்பிலையால் விசிறிக்கொண்டே கிடந்தாள். ஒருநாள் விடிகிற நேரம், பிள்ளையின் மூச்சு இழுக்கத் தொடங்கியதும், அவள் இரண்டு பேரையும் ஒரே வாயால் கூப்பிட்டாள். மாதாவே, என் பிள்ளையைக் கொடு, வில்லியனூருக்கு நடந்தே வந்து உன் காலில் போடுகிறேன். வக்கரைக் காளி, என் பிள்ளையைக் கொடு, வழியிலே உன் வாசலில் கிடத்தி எடுத்துப் போகிறேன். இப்படித்தான் வேண்டிக்கொண்டாள். பிள்ளை பிழைத்தது. ஒரு கண்ணோரம் மட்டும் வடு ஆழமாக நின்றுவிட்டது.

பாஸ்கு என்கிற ஈஸ்டர் திருநாள் கழிந்து வில்லியனூர்த் திருநாள் நெருங்கியபோது மேரி புறப்பட்டாள். காளிக்கு வேண்டியதைப் பேசாமல் விட்டுவிட்டு நேராக வில்லியனூருக்கு ரயிலேறிப் போகலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்று விருத்தாசலம் சொன்னான்.

"எனக்குத் தெரியும் இல்ல?" என்றாள் மேரி.

அவள் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடக்க, கொஞ்ச தூரம் போனதும் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. விருத்தாசலம் வந்து பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான்.

அந்தக் காலத்தில் எந்தப் பெரிய கோவிலுக்குள்ளும் சேரி ஜனங்கள் போகிற வழக்கம் கிடையாது. வக்கரையில் தெருவோரம் நின்று, கோபுர வாசலைப் பார்த்தபடி பிள்ளையை மண்ணில் கிடத்தி எடுத்தாள். உள்ளே போய் வந்த ஒரு கிழவரிடம் கெஞ்சி ஒரு மஞ்சள் கயிறும் குங்குமமும் வாங்கிக்கொண்டாள். மறுநாள் ஆற்றங்கரையோடு நடந்தார்கள். வக்கரையைத் தொட்டு ஓடுகிற ஆறுதான் வில்லியனூர்ப் பக்கமும் போகிறது என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரன் எல்லையில் சுங்கக்காரன் மூட்டையை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, இதிலே கேப்பை மாவைத் தவிர ஒன்றுமில்லையே என்று அலுத்துக்கொண்டு விட்டான். வில்லியனூரில் மாதா தேர் வரும்போது ஜெயத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். அங்கே மந்திரித்துக் கொடுத்த சின்ன மாதா பதக்கத்தை வக்கரை மஞ்சள் கயிற்றிலேயே கோத்து மகள் கழுத்தில் கட்டினாள்.

பள்ளிக்கூடத்தில் ஞானோபதேசம் நடந்துகொண்டிருந்தபோது சவுரிராயன் அந்தக் கயிற்றைப் பார்த்தான். கயிறு எங்கே வாங்கியது என்று கேட்டான். ஐந்து வயதுப் பிள்ளை, வக்கரைக் காளி வாசலில் என்று சந்தோஷமாகச் சொன்னது. அவன் பதக்கத்தைக் கழற்றித் தன்னிடம் வைத்துக்கொண்டு, கயிற்றை அறுத்து அடுப்பில் போட்டான். பிள்ளை அழுதுகொண்டே ஓடி, மில்லுக்குப் போய்க்கொண்டிருந்த அம்மாவை வழியில் பிடித்தது.

மேரி மில்லுக்குப் போகவில்லை. நேரே சாமியார் பங்களாவுக்குப் போனாள். அவர் பிரான்சு தேசத்து மனிதர். தாடி நரைத்தவர், சேரிக்குள் வந்து குடிசைக்குள் குனிந்து நுழைகிறவர், அம்மை குத்திக்கொள்ளச் சொல்லி வீடு வீடாக நடந்தவர். அவரைக் கெட்டவர் என்று மேரி ஒருநாளும் சொன்னதில்லை. அண்ணன் ஏற்கெனவே எல்லாவற்றையும் சொல்லிவிட்டு அவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான்.

"மகளே, மாதா உன் குழந்தையைக் காப்பாற்றினாள். அந்த நன்றியை நீ பசாசின் வாசலில் கொண்டுபோய் வைத்தாயா?" என்று கேட்டார் சாமியார். புத்தகத்தில் படித்த தமிழ் அவருடையது.

"ரெண்டு பேர்கிட்டயும் கேட்டேன் சாமி. யாரு குடுத்தாங்கன்னு எனக்குத் தெரியாது. ரெண்டு பேருக்கும் சொன்ன வாக்கு இருக்குது, ரெண்டு பேருக்கும் செஞ்சேன்."

"யார் கொடுத்தது என்று எனக்குத் தெரியும்."

"நீங்க அங்க இல்லீங்களே சாமி. நான்தான இருந்தேன்."

சவுரிராயன் அதட்டினான். சாமியார் கையைக் காட்டி அவனை நிறுத்தினார். கோபப்படவில்லை. மூன்று ஞாயிறு பூசையின்போது தலையில் முள்முடி வைத்துக் கோவில் நடுவே முழங்காலில் இருக்கவேண்டும், கடைசி ஞாயிறு எல்லார் முன்னாலும் செய்தது தவறு என்று ஒரு வார்த்தை சொல்லவேண்டும், அதோடு தீர்ந்தது என்றார். அந்தப் பங்கில் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. குடித்துவிட்டு அடிதடி செய்தவர்கள்கூட அப்படி இருந்து எழுந்து போயிருக்கிறார்கள்.

"தப்புன்னு எனக்குத் தோணலியே. தோணாதத சொன்னா அது பொய்யில்லீங்களா?"

"அப்படியானால் பூசையில் உனக்கு நன்மை அப்பம் கிடையாது. கோவிலுக்குள் இடமும் கிடையாது. நீயாக வந்து சொல்கிற நாள் வரைக்கும்."

மேரி அவருக்குக் கும்பிடு போட்டாள். பிறகு அண்ணன் முன்னால் போய்க் கையை நீட்டினாள். அவன் பதக்கத்தைக் கொடுத்தான்.

அடுத்த ஞாயிறு பூசைக்கு மணி அடித்ததும் அவள் வழக்கம்போலக் குளித்து, முக்காடு போட்டு, செபமாலையோடு போனாள். உள்ளே போகவில்லை. மாதா பீடத்துக்கு நேராக இருக்கிற பக்கத்து ஜன்னலுக்கு வெளியே வெயிலில் நின்றாள். எழவேண்டிய இடத்தில் மற்றவர்கள் எழுந்தார்கள், அவள் நின்றே இருந்தாள். மண்டியிடவேண்டிய இடத்தில் கற்கள் மேல் மண்டியிட்டாள். பாட்டு வந்தால் உள்ளே இருப்பவர்களைவிடச் சத்தமாகப் பாடினாள். அப்போதுதான் யாரோ, "அஞ்ஞானி மேரி வந்துட்டா" என்றார்கள்.

இந்தச் செய்தி சேரியின் மறுபாதிக்குப் போனது. விருத்தாசலத்தின் சித்தப்பா சின்னக்கண்ணு அங்கே மாரியம்மன் பூசாரி. தாம்பாளத்தில் தேங்காய் பழம் வைத்துக்கொண்டு வந்தார். அவர்கள் விரட்டியது நல்லதாகப் போயிற்று, தலைக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் குடும்பத்தோடு சேர்த்துக்கொள்கிறோம், ஜெயத்துக்கு வேறு பெயர் வைக்கலாம், கழுத்தில் கிடக்கிற பதக்கத்தை மட்டும் கிணற்றில் போட்டுவிடு என்றார். மேரி அவரை உட்காரவைத்து மோர் கொடுத்தாள்.

"மாமா, அவங்க அவள வுடுன்றாங்க. நீங்க இவள வுடுன்றீங்க. ரெண்டு பேரும் ஒரே பேச்சத்தான பேசுறீங்க" என்றாள்.

அவர் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு போனார். அந்த வருஷம் மாரியம்மன் திருவிழாவில் அவள் வீட்டுக் கூழை அவர்கள் பொதுக் கொப்பரையில் சேர்த்துக்கொள்ளவில்லை. அவள் கூழைத் தன் வேப்பமரத்தடியிலேயே காய்ச்சினாள். முதல் கரண்டியை வேருக்கு ஊற்றினாள். ஆனால் இந்தத் தடவை பேசாமல் நிற்கவில்லை. காளியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அதே மூச்சில் அருள்நிறைந்த மரியே செபம் சொன்னாள். பிறகு தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு ஊற்றினாள். இரண்டு பாதியிலிருந்தும் பசித்தவர்கள் வந்து குடித்துவிட்டுப் போனார்கள். பசிக்காதவர்கள் பேசிக்கொண்டு போனார்கள்.

வருஷம் தவறாமல் வக்கரை, வில்லியனூர் நடை நடந்தது. எதிர்வீட்டுப் பாஞ்சாலி சில வருஷம் கூட வந்தாள். யுத்தத்துக்குப் புருஷனை அனுப்பிவிட்டுத் தவித்த ஒரு வேதக்காரப் பெண் ஒரு வருஷம் வந்தாள். பல வருஷம் மேரி தனியாகத்தான் நடந்தாள். யாரையும் வா என்று கூப்பிட்டதில்லை. மில்லில் ஒருத்தி, இரண்டு பேரில் யார் பெரியவள் என்று சீண்டியபோது மட்டும் சொன்னாள்.

"மாதா செத்த புள்ளய மடியில போட்டுக்கினவ. வக்கரைக்காரி, பகைக்காரி வயித்துல இருந்த புள்ளய கொல்ல மனசு வராம தன் காதுல தோடா மாட்டிக்கினவ. ரெண்டு பேரும் புள்ளயோட கீறாங்க. இதுல பெருசு இன்னா, சிறுசு இன்னா?"

அரிசிக்கு வரிசையில் நிற்கிற காலம் வந்தது, போயிற்று. ஜெயம் வளர்ந்தாள். அவளுக்கு விழுப்புரத்திலிருந்து ஒரு வரன் வந்தது. மரியசூசை என்று பெயர், ரயில்வே லோகோ ஷெட்டில் இஞ்சின் துடைக்கிற வேலை. நல்ல பையன். அம்மை வடுவைப் பற்றி அவன் வீட்டில் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் தாயார் இருதயமேரிக்கு ஒரே ஒரு நிபந்தனைதான்: கல்யாணம் கோவிலில் முறைப்படி நடக்கவேண்டும்.

கோவிலில் கல்யாணம் என்றால் இரண்டு ஊர்ப் பங்குக் கோவிலிலும் கல்யாண அறிவிப்பாக ஓலை வாசிக்கவேண்டும். பனையேரிப்பட்டில் ஓலை வாசிக்க, பெண்ணின் தாய் முதலில் அபராதம் தீர்க்கவேண்டும் என்றார் சாமியார். அவருக்கும் வயதாகிவிட்டது. மூன்று ஞாயிறு வேண்டாம், ஒன்று போதும், ஆனால் அந்த வார்த்தை வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

சொல்ல வந்தவன் சவுரிராயன். இத்தனை வருஷத்தில் அவன் அந்த வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது அன்றைக்குத்தான். அவன் சட்டைக் காலர் நைந்துபோயிருந்தது. தங்கச்சி வெயிலில் நிற்பதை ஒவ்வொரு ஞாயிறும் உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டு செபம் சொல்வது எவ்வளவு பாரம் என்று அவளுக்குத் தெரியுமா என்று கேட்டான். வேண்டுமானால் தானும் பக்கத்தில் முழங்கால் போடுவதாகச் சொன்னான்.

மேரி மகளைப் பார்த்தாள். ஜெயம் அம்மா பக்கம் பேசுவாள் என்று யாராவது நினைத்திருந்தால் அது நடக்கவில்லை.

"உன் சாமி உன்னோட இருக்கட்டும்மா. நான் உன்ன ஒண்ணும் கேட்டதில்ல. எல்லா புள்ளைங்களும் உள்ள இருக்கும்போது நான் வெளிய பாத்துக்கினே வளந்தேன். ஒரு வார்த்த. அத சொன்னா உன் வாயி தேஞ்சா பூடும்?" என்றாள்.

மேரிக்கு அது சுருக்கென்று பட்டது. ஜெயம் கேட்டதில் தப்பும் இல்லை. மறுநாள் காலையில் வேலைக்குப் புறப்படும்போது, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினாள்.

அந்த ஞாயிறு கோவில் நிரம்பி வழிந்தது. பூசைக்கு வராதவர்களெல்லாம் வந்திருந்தார்கள். மேரி வாசல் வழியாக உள்ளே வந்து, நடுவில் மண்டியிட்டாள். சவுரிராயன் சொன்னபடியே பக்கத்தில் வந்து மண்டியிட்டான். இலந்தை முள்ளில் வளைத்த முடியைச் சாமியாரே அவள் தலையில் வைத்தார். முக்காட்டைத் தாண்டி ஒன்றிரண்டு முள் குத்தியது. அவள் அசையவில்லை.

பிரசங்கம் முடிந்ததும் சாமியார் அவளைப் பார்த்துச் சொல்லும்படி சைகை காட்டினார்.

"என் மவளுக்காக முட்டி போட்டேன். நீங்க எத்தினி ஞாயிறு போடச் சொன்னாலும் போடறேன்" என்றாள் மேரி. சத்தம் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. "ஆனா தப்புன்னு சொல்ல மாட்டேன். மாதா முன்னால என்ன பொய் சொல்ல சொல்லாதீங்க சாமி."

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. சாமியார் ஞானஸ்நானத்தில் கேட்கிற கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டார். சர்வேசுரனை விசுவசிக்கிறாயா? விசுவசிக்கிறேன். அவருடைய ஏக சுதனை விசுவசிக்கிறாயா? விசுவசிக்கிறேன். கேள்விக்குப் பதில் தயங்காமல் வந்தது.

"பசாசை விட்டுவிடுகிறாயா?"

"பசாச வுட்டுட்டேன் சாமி. காளி பசாசு இல்ல."

யாரோ ஒருவர் எழுந்து, அவளை வெளியே தள்ளுங்கள் என்றார். கிராதிக்கு அந்தப் பக்கத்துக் குரல் அது. மேரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாமியார் கீழே இறங்கி வந்தார். இரண்டு கையாலும் முள்முடியை எடுத்தார். எடுக்கும்போது அதில் சிக்கிய முடியை மெதுவாக விடுவித்தார்.

"உன்னை நான் மன்னிக்க முடியாது. நீ மன்னிப்புக் கேட்கவில்லை" என்று அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, மகள் ஒரு குற்றமும் செய்யவில்லை, அவளுக்கு அடுத்த ஞாயிறு ஓலை வாசிக்கப்படும் என்று சொல்லிவிட்டுப் பீடத்துக்குப் போனார். மேரி எழுந்து வெளியே போய்த் தன் ஜன்னலோரத்தில் நின்று மீதிப் பூசையைக் கண்டாள். சவுரிராயன் பூசை முடிகிற வரைக்கும் முழங்காலிலேயே இருந்தான். ஏன் என்று அவனை யாரும் கேட்கவில்லை.

கல்யாணம் விழுப்புரத்தில் நடந்தது. அங்கே யாரும் வாசலில் நின்று கேள்வி கேட்கவில்லை. மேரி புதுச் சேலை கட்டிக்கொண்டு முன்வரிசையில், பெண்ணின் தாய் உட்காரவேண்டிய இடத்தில் உட்கார்ந்தாள். நன்மை வாங்க எல்லாரும் எழுந்தபோது அவள் எழவில்லை. கிடையாது என்று சொன்னதைத் திருட்டுத்தனமாக வாங்க அவளுக்கு மனமில்லை. ஜெயம் திரும்பி வரும்போது அம்மா பக்கம் ஒருமுறை பார்த்தாள். கல்யாணச் சாப்பாட்டின்போது சம்பந்தி இருதயமேரி வந்து, ஏன் எழவில்லை என்று கேட்டாள். மேரி மறைக்காமல் சொன்னாள். சம்பந்தி முகம் சுருங்கியது. அப்புறம் ரொம்ப நாள் அந்த அம்மாள் சரியாகப் பேசவில்லை. அது அப்படியே இருக்கட்டும் என்று மேரி விட்டுவிட்டாள்.

அதற்கு அடுத்த வருஷம், கோவில்களுக்குள் எல்லா ஜாதியாரும் போகலாம் என்று சட்டம் வந்துவிட்டதாக மில்லில் பேசிக்கொண்டார்கள். திருநாள் மாதத்துக்காக மேரி காத்திருக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மயிலம் வழியாக வக்கரைக்கு நடந்தாள். விருத்தாசலம் கூட வந்தான், ஆனால் வாசலோடு நின்றுவிட்டான். இத்தனை காலம் வெளியே நின்ற கால் உள்ளே போக மாட்டேன் என்கிறது, நீ போய் வா என்றான்.

அவள் போனாள். உள்ளே நின்றிருந்த ஒன்றிரண்டு பேர் ஒதுங்கிக்கொண்டார்கள். ஒதுங்கியவர்கள் விட்ட இடத்தில் போய் நின்றாள். முதல்முறையாகக் காளியின் முகத்தைப் பார்த்தாள். பெரிய முகம். தலையைக் கொஞ்சம் சாய்த்து, எதற்கும் பயப்படாத முகம். காதில் பிள்ளை தொங்கியது. மேரிக்குக் கண் நிறைந்தது. கைகூப்பினாள்.

பூசை செய்கிறவர் தட்டோடு வந்து, யார் பேருக்கு அர்ச்சனை என்று கேட்டார்.

"லூர்துமேரி."

அவர் நிமிர்ந்து பார்த்தார். கழுத்தில் கிடந்த செபமாலையையும் பார்த்தார்.

"வேற பேரு இருக்குதாம்மா?"

"இல்லீங்க. இதுதான் பேரு."

பின்னால் இருந்தவர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். அவர் திரும்பி, காளியின் முன்னால் நின்று, அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லி அர்ச்சனை செய்தார். மேரி குங்குமத்தை வாங்கி நெற்றியில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். புருஷன் நெற்றியிலும் வைத்துவிட்டாள்.

"இப்ப ஊட்டுக்கா?" என்று கேட்டான் விருத்தாசலம்.

"வில்லியனூருக்கு" என்றாள். ஆற்றில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இருவரும் சேலையையும் வேட்டியையும் தூக்கிச் செருகிக்கொண்டு கரையோடு நடந்தார்கள்.